வயலின் சாதகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் பின்னேரங்களில் கர்நாடக வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடிந்து செருப்புப் போடுகிற நேரத்தில்தான் பிள்ளைகளும் பெற்றோரும் மனதில் இருக்கும் கேள்வியைக் கேட்பார்கள். வீட்டுச் சாதகத்தில், அதாவது பயிற்சியில், என்ன வாசிப்பது, எப்படி வாசிப்பது என்பதுதான் அதில் முக்கால்வாசி. வாசற்படியில் நின்று அவசரமாகச் சொன்ன பதில்களை இங்கே ஆறுதலாக எழுதியிருக்கிறேன். அடிப்படை வரிசைகளைத் தாண்டியவர்களுக்கும் இப்போதுதான் வில் பிடிக்கத் தொடங்கியவர்களுக்கும் பொதுவாக எழுதியது. வில் பிடிப்பதையும் விரல் வைப்பதையும் நேரில் ஒருவரிடம்தான் கற்க வேண்டும். இது வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் உள்ள ஆறு நாட்களுக்கானது.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் சாதகம் செய்ய வேண்டும்?

பாடசாலை, அப்புறம் ரியூசன், அப்புறம் வீட்டுவேலை என்று ஓடும் பிள்ளைக்கு 40 நிமிடம் போதும். ஒரே இருப்பில் முடியாவிட்டால் காலையில் 20, இரவில் 20 என்று பிரிக்கலாம். காது களைக்காமல் இருப்பதால் அப்படிப் பிரிப்பதே நல்லது என்று நினைக்கிறேன். ஐந்து நாள் தொடாமல் விட்டு, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலம் வாசித்தால் தோள் வலிதான் மிஞ்சும்.

அந்த 40 நிமிடத்தில் பாதி வில்லுக்கு. இதில் நான் பிடிவாதக்காரி. வயலின் என்றதும் எல்லோரும் இடது கையைத்தான் பார்க்கிறோம். விரல் எங்கே விழுகிறது, எவ்வளவு கெதியாக ஓடுகிறது என்றே கணக்குப் பார்க்கிறோம். ஆனால் ஒலி பிறப்பது வலது கையில். பாடுகிறவருக்கு மூச்சு எப்படியோ வாசிக்கிறவருக்கு வில் அப்படி. மூச்சுப் பயிற்சி இல்லாமல் பாடகர் ஆக முடியாது என்பதை எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள், வில் பயிற்சிக்கு மட்டும் நேரம் ஒதுக்க மாட்டார்கள்.

அந்தப் பாதி நேரத்தில் வில்லை வைத்து என்ன செய்வது?

விரலே வைக்காமல் தொடங்குங்கள். சுருதிக்குத் தம்புரா ஒலியைப் போட்டுவிட்டு, நடு ஷட்ஜத் (ஸ) தந்தியில் வில்லின் அடியை வையுங்கள். வில் ஏறத்தாழ 75 சென்டிமீற்றர் நீளம். மனதுக்குள் எட்டு வரை எண்ணும் நேரத்தில் அடியிலிருந்து நுனி வரை இழுக்க வேண்டும். அடுத்த எட்டில் நுனியிலிருந்து அடி வரை. எண்ணிக்கையின் வேகம் நிமிடத்துக்கு 60.

கேட்க மிக எளிது. செய்து பார்த்தால் நான்காவது எண்ணிலேயே வில் முடிந்துவிடும், அல்லது ஏழு வரும்போது கையில் பாதி வில் மிச்சம் இருக்கும். அடுத்ததாக இன்னொன்று தெரியவரும். அடிப்பக்கம் கரகரவென்று தடிப்பாகவும், நுனிப்பக்கம் நூல் போலவும் ஒலிக்கும். அடியில் கையின் பாரம் முழுக்கத் தந்திமேல் விழுகிறது, நுனியில் விழுவதில்லை. ஆகவே அடியில் சின்ன விரல் பாரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க வேண்டும்; நுனியை நோக்கிப் போகப்போக ஆள்காட்டி விரல் மெல்லப் பாரம் கொடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பவருக்கு வில்லின் எந்த இடம் தந்தியில் நிற்கிறது என்று தெரியக்கூடாது. இது வந்தபின் எட்டைப் பன்னிரண்டாக்குங்கள், பிறகு பதினாறு.

வில் நேராகப் போகிறதா என்று பார்க்கக் கண்ணாடி வைக்கலாம். அதைவிட நல்ல சாட்சி தந்தியிலேயே இருக்கிறது. தொடங்குமுன் தந்திகளைத் துணியால் துடைத்துவிடுங்கள். பத்து நிமிடம் வாசித்தபின் தந்திகளைத் தாங்கும் குதிரைக்கும் விரல் பலகைக்கும் நடுவில், வில்லில் பூசும் ரொசின் தூள் எங்கே படிந்திருக்கிறது என்று குனிந்து பாருங்கள். வெள்ளைக் கோடு ஒடுக்கமாக இருந்தால் வில் ஒரே பாதையில் போயிருக்கிறது. விரல் பலகைவரை மா தூவியது போல் பரவியிருந்தால் வில் அலைந்திருக்கிறது. என்னிடம் வரும் சின்னப் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை மிகவும் பிடிக்கும். ஒருவர் குறை சொல்வதைவிடத் தூள் சொல்வதை உடனே நம்பிவிடுகிறார்கள்.

வில் திரும்பும் இடத்தையும் தனியாகப் பழக வேண்டும். நுனியில் நான்கு விரற்கடை அளவில் மட்டும் முன்னும் பின்னும் போய்வாருங்கள், பிறகு அடியில் அதே அளவு. திரும்பும்போது ‘டக்’ என்று கேட்டால் மணிக்கட்டு இறுகியிருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியாகத் தந்தி மாறும் பயிற்சி: ஸ, ப, ஸ, ப என்று பக்கத்துத் தந்திகளில் மாறிமாறி. நான்கு தந்திக்கு முழங்கை நான்கு உயரத்தில் நிற்கும். ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக எவ்வளவு குறைவாக அசைய முடியுமோ அவ்வளவு குறைவாக அசையப் பழகுங்கள். இத்தனைக்கும் ஒரு விரல்கூட இன்னும் வைக்கவில்லை.

சுருதி சேர்க்கக் கைத்தொலைபேசியின் ட்யூனர் போதுமா?

தொடக்கத்தில் கிட்ட வர உதவும். அதற்குப் பிறகு ஊசியைப் பார்க்காமல் தம்புராவைக் கேளுங்கள். தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை மந்தர (கீழ்) ஷட்ஜம், மந்தர பஞ்சமம் (ப), மத்திய (நடு) ஷட்ஜம், மத்திய பஞ்சமம் என்று சேர்க்கிறோம். முதலில் மத்திய ஷட்ஜத்தைத் தம்புராவோடு சேர்த்துவிட்டு, அதையும் பஞ்சமத்தையும் ஒரே வில்லில் சேர்த்து ஒலியுங்கள். சரியாகச் சேராதபோது ஒலி ‘வவ் வவ்’ என்று அலையடிக்கும். தந்தியை முறுக்கும் பிரடையைத் திருப்பத் திருப்ப அலை மெதுவாகி, ஒரு கட்டத்தில் அடங்கி, இரண்டு தந்தியும் ஒரே குரல் மாதிரி நிற்கும். அந்த இடத்தைக் காது ஒருமுறை பிடித்துவிட்டால் பிறகு மறக்காது.

கருவியை முழுக்க நம்பாததற்கு இன்னொரு காரணம் உண்டு. ட்யூனரும் கீபோர்டும் காட்டும் அந்தர காந்தாரம் (க சுரத்தின் உயர்ந்த வகை), தம்புராவோடு இழைகிற காந்தாரத்தைவிடக் கொஞ்சம் கூடியது. நன்றாகச் சேர்ந்த தம்புராவின் மந்தரத் தந்தியைக் கவனித்துக் கேட்டால் அதற்குள்ளேயே காந்தாரம் மெல்லக் கேட்கும். உங்கள் விரல் அதைத்தான் தேட வேண்டும்.

மூன்று வருடமாகப் படிக்கிறேன். இன்னும் ஆரம்பப் பாடமான சரளி வரிசையை வாசிக்கச் சொல்கிறீர்களே?

ஆம். வர்ணம் போன்ற பெரிய பாடங்களை வாசிப்பவர்களுக்கும் சொல்கிறேன். ஆனால் முதல் வருடம் வாசித்தது போல் வாசிக்கச் சொல்லவில்லை.

புரந்தரதாசர் ஆரம்பப் பாடங்களை மாயாமாளவகௌளையில் அமைத்தார் என்பது மரபு. 15ஆவது மேளம், அதாவது தாய் ராகம். வயலின்காரருக்கு அது எவ்வளவு பொருத்தம் என்று விரலை வைத்துப் பாருங்கள். ஷட்ஜத் தந்தியில் ஸ திறந்த தந்தி. ரி ஆள்காட்டி விரல், தலைப்பக்கத்தை ஒட்டி. பெரிய இடைவெளி விட்டு நடுவிரலில் க. அதை ஒட்டினாற்போல் மோதிர விரலில் ம. இப்போது பஞ்சமத் தந்திக்கு வாருங்கள். ப திறந்த தந்தி, த, நி, மேல் ஸ மூன்றும் அச்சொட்டாக அதே இடங்கள். கை ஒரே வடிவத்தில் நிற்க, தந்தி மட்டும் மாறுகிறது.

இதே சமச்சீர் சங்கராபரணம், கரகரப்பிரியா, தோடி மூன்றிலும் இருக்கிறது. சங்கராபரணத்துக்கு ஆள்காட்டி விரலை மட்டும் இரண்டு தந்தியிலும் மேலே நகர்த்தினால் போதும். கரகரப்பிரியாவுக்கு அதோடு நடுவிரலையும் கீழே இறக்க வேண்டும். ஆகவே ஒரே சரளி வரிசையை இந்த நான்கு மேளங்களிலும் கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) இல்லாமல் வாசித்தால் இடது கைக்கு நான்கு வடிவங்கள் பழகும். (தோடியைக் கமகம் இல்லாமல் வாசித்தால் அது ராகம் ஆகாது. இங்கே விரல் இடத்துக்காக மட்டும்.) அதன் பிறகு கல்யாணி. அங்கே மத்திமம் (ம) ஏறுவதால் சமச்சீர் உடையும், மோதிர விரல் ஒரு தந்தியில் ஓர் இடத்திலும் மற்றத் தந்தியில் இன்னோர் இடத்திலும் விழ வேண்டும். பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான்.

வில்லுக்கும் இதே வரிசைதான் பாடம். முதலில் ஒரு சுரத்துக்கு ஒரு வில், பிறகு ஒரு வில்லில் இரண்டு, நான்கு, எட்டு. எட்டும் ஒரே வில்லில் வரும்போது எட்டாவது சுரம் முதல் சுரத்தின் அளவுக்கே நிறைவாகக் கேட்க வேண்டும். அப்புறம் ‘மூன்று சேர்த்து, ஒன்று தனித்து’ என்று வாசித்துப் பாருங்கள். தனித்து வரும் அந்த ஒற்றைச் சுரம் எல்லாவற்றையும்விடப் பலமாகத் துள்ளும், ஏனென்றால் மூன்று சுரம் போன தூரத்தை வில் ஒரே சுரத்தில் திரும்பி வர வேண்டியிருக்கிறது. அதை அடக்கி மற்ற மூன்றோடு ஒரே மட்டத்தில் ஒலிக்க வைப்பதற்குள் எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது.

விரல் சரியான இடத்தில் விழுகிறதா என்று வீட்டில் யாரும் இல்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது?

வயலினே சொல்லும். பஞ்சமத் தந்தியில் மோதிர விரலை வைத்து மேல் ஷட்ஜம் வாசியுங்கள். துல்லியமாக இருந்தால் பக்கத்தில் சும்மா இருக்கும் மத்திய ஷட்ஜத் தந்தி தானாக அதிரும், வில்லை எடுத்தபின்னும் ஒரு ரீங்காரம் நிற்கும். மயிரிழை விலகினாலும் அந்த ரீங்காரம் செத்துவிடும். மந்தர பஞ்சமத் தந்தியில் மோதிர விரல் தரும் ஷட்ஜமும் அடுத்த திறந்த தந்தியும் ஒன்றே. ஷட்ஜத் தந்தியில் சின்ன விரல் தரும் பஞ்சமமும் அடுத்த திறந்த தந்தியும் ஒன்றே. இரண்டையும் சேர்த்து ஒலித்து அலை அடங்கும்வரை விரலை நகர்த்துங்கள்.

இன்னொன்று: வாசிக்கும் முன் பாடுங்கள். குரல் நன்றாக இல்லாவிட்டால் பரவாயில்லை. ஒரு வரியை மூன்று முறை தாளம் போட்டுப் பாடிவிட்டு வயலினை எடுத்தால், விரல் தவறும்போது காது உடனே கண்டுபிடிக்கும். பாடாமல் வாசிப்பவர் விரல் விழுந்த இடத்தையே சரியென்று நம்பிவிடுகிறார்.

விரல் பலகையில் ஸ்டிக்கர் ஒட்டுவது பற்றியும் கேட்கிறார்கள். முதல் மூன்று மாதம் ஒட்டலாம். அதற்குமேல் இருந்தால் கண் பழகும், காது பழகாது.

ஜண்டை வரிசையில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஸஸ ரிரி கக மம என்று வரும் இரட்டைகளில் இரண்டாவது சுரத்தை. அதில் ஓர் அழுத்தம் வேண்டும். அதைத்தான் ஸ்புரிதம் என்கிறோம். பலர் வில்லை அழுத்தி அந்த இடத்தைக் கடந்துவிடுகிறார்கள். அழுத்தம் விரலிலிருந்து வர வேண்டும்: இரண்டாவது ரியைத் தொடும் முன் கீழே உள்ள ஸ ஒரு கணம் தொட்டுப் போக வேண்டும், ‘ரி ஸ்ரி’ என்பது போல. இரண்டு சுரத்தையும் ஒரே வில்லில் வாசித்துப் பார்த்தால் விரல் வேலை செய்கிறதா என்பது உடனே வெளிச்சமாகும். கமகத்துக்கு முதல் கதவு இதுதான் என்பதால் இதில் அவசரப்பட வேண்டாம்.

கமகம் எப்போது தொடங்கலாம்? எப்படி?

சுரங்கள் அசையாமல் நேராக நிற்கத் தொடங்கிய பிறகு. நிற்கத் தெரியாத விரல் அசைந்தால் அது கமகம் ஆகாது, தடுமாற்றம்தான்.

எனக்குப் பிடித்த பயிற்சி தோடியின் காந்தாரம். அது ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசைகிற சுரம். நிமிடத்துக்கு 50 என்ற வேகத்தில், தந்தியை விட்டு விரலை எடுக்காமல், ஒரு தட்டுக்கு ஓர் அசைவு என்று ரியிலிருந்து ம வரை வழுக்கிப் போய் வாருங்கள். மெதுவாகச் செய்யும்போது கேட்கச் சகிக்காது, அதைப் பொருட்படுத்த வேண்டாம். இரண்டு முனையும் சுருதியில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிறகு ஒரு தட்டுக்கு இரண்டு அசைவு, நான்கு. நான்கு வரும்போது காந்தாரம் திடீரென்று தோடியாக முகம் காட்டும். அந்தக் கணத்தில் பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு அது அலுக்கவில்லை.

வழுக்கலுக்கு ஒற்றை விரல் பயிற்சியும் உதவும்: ஒரே தந்தியில் ஆள்காட்டி விரலால் மட்டும் ஸ ரி க ம ப வரை போய்த் திரும்புவது. பரூர் என்ற வயலின் வாசிப்புப் பாணியில், குறிப்பாக வயலின் கலைஞர் எம். எஸ். கோபாலகிருஷ்ணனின் (1931–2013) வாசிப்பில், ஒற்றை விரல் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டுப் பார்க்கலாம். தலைச்சுருள் (வயலினின் சுருண்ட நுனி) வலது கணுக்காலில் அசையாமல் ஊன்றியிருந்தால்தான் இடது கை பயமில்லாமல் வழுக்கும். உட்காரும் முறையை அதனால்தான் திரும்பத் திரும்பத் திருத்துகிறோம்.

வேகம் வரவே இல்லை. என்ன செய்ய?

பெரும்பாலும் விரல் மெதுவாக இருப்பது காரணமில்லை; விரலும் வில்லும் ஒரே நேரத்தில் வருவதில்லை. விரல் தந்தியில் விழுந்த பிறகே வில் திரும்ப வேண்டும். வில் முந்தினால் சுரம் மங்கிக் கேட்கும். தாளப் பயிற்சிகளான அலங்காரங்களில் ஒன்றை எடுங்கள், ஏழு தாளத்தில் எதுவானாலும் சரி. நிமிடத்துக்கு 60இல் மூன்று காலமும் (ஒரு மடங்கு, இரு மடங்கு, நான்கு மடங்கு வேகம்) சுத்தமாக வந்தால் 64, பிறகு 68. ஓர் இடத்தில் உடைந்தால் 4 குறைத்து அங்கேயே மூன்று நாள் இருங்கள். மூன்றாம் காலத்தில் வில்லின் நீளத்தைக் குறைத்து நடுப்பகுதியில் மட்டும் வாசியுங்கள். முழு வில்லோடு ஓடப் பார்ப்பதால்தான் பலருக்குக் கை இறுகுகிறது.

மகள் பாடசாலையில் மேற்கத்தேய வயலினும் படிக்கிறாள். இரண்டும் குழம்பாதா?

கொழும்பில் இது எல்லா வகுப்பிலும் வரும் கேள்வி. குழம்பாது, சில விஷயங்களைப் பிரித்து வைத்தால். இந்த வாத்தியமே அங்கிருந்து வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) சென்னையில் ஐரோப்பியரிடம் கற்று, கர்நாடக இசைக்கு அதைப் பழக்கினார். வில் சாதகம் இரண்டுக்கும் பொது. அங்கே படிக்கும் நீண்ட வில் இங்கே பெரிய முதல்.

முடிந்தால் இரண்டு வயலின் வைத்திருங்கள். ஒரே வயலினைத் தினமும் மாற்றிச் சுருதி சேர்த்தால் மெல்லிய தந்தி அடிக்கடி அறுகிறது. ஒன்றுதான் இருக்கிறது என்றால் 5 கட்டைச் சுருதியில் (G) வைத்துப் பழகலாம். அப்போது தடித்த இரண்டு தந்திகளும் மேற்கத்தேய சுருதியிலேயே நிற்கும். மற்ற இரண்டையும் ஒரு முழுச் சுரம் இறக்கினால் போதும். கவனிக்க வேண்டிய இடம் வைப்ராட்டோ. அங்கே எல்லா நீண்ட சுரத்திலும் வரும் அந்தச் சின்ன அதிர்வு இங்கே ஷட்ஜ பஞ்சமங்களில் வரக்கூடாது. கம்பிதம் என்பது வேறு சுரங்களைத் தொட்டுவரும் அசைவு. இந்த வித்தியாசத்தை முதல் மாதமே பிள்ளைக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க எப்படிப் பழகுவது?

நல்ல வாய்ப்பாட்டு ஒலிப்பதிவைப் போட்டு, பாடகர் ஒரு சின்னப் பிடி பாடியதும் நிறுத்தி, அதை அப்படியே வாசியுங்கள். பிறகு நிறுத்தாமல் நிழல் போலப் பின்னே போங்கள். இரண்டாவது வழி கோயில். தேவாரம் பாடும் இடங்களில் பின்னால் இருந்து மெல்ல வாசிக்கக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அன்போடு இடம் கொடுப்பார்கள். சொல் எங்கே பிரிகிறதோ அங்கே வில் திரும்ப வேண்டும் என்பது பண்ணிசைக்கு வாசித்துப் பழகும்போது ஒட்டிக்கொள்ளும். ராக அறிவும் கூடவே வரும்: தேவார இசைவகைகளான பண்களில் நட்டபாடை கம்பீர நாட்டை ராகத்திலும் கௌசிகம் பைரவியிலும் பாடப்படுகிறது.

வட இலங்கை சங்கீத சபைச் சோதனை வருகிறது. கடைசி இரண்டு கிழமை எப்படிச் சாதகம் செய்ய?

புதிதாக எதுவும் எடுக்க வேண்டாம். ஒவ்வொரு நாளும் கை சூடாகும் முன், வயலினைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சுருதி சேர்த்த உடனேயே, ஓர் உருப்படியை (பாடலை) நிற்காமல் முழுவதும் வாசியுங்கள். சோதனை அறையிலும் உங்களுக்கு அதே நிலைதான் இருக்கும். பிழைத்த இடத்தைக் குறித்துவிட்டுப் பிறகு தனியாகப் பாருங்கள்.

கடற்கரை ஓர வீடு. பிரடை இறுகுகிறது, தந்தி துருப்பிடிக்கிறது. என்ன செய்யலாம்?

ஈரப்பதத்தில் மரம் ஊதுவதால் பிரடை இறுகும். ஏசி அறையில் நாள் முழுக்க இருந்தால் சுருங்கி வழுக்கும். இரண்டுக்கும் நடுவே அலைய விடாமல் வயலினை எப்போதும் ஒரே அறையில், பெட்டிக்குள், சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். கடல் பார்த்த ஜன்னலோரம் வேண்டாம். வாசித்து முடிந்ததும் தந்தியையும் பலகையையும் காய்ந்த துணியால் துடையுங்கள். உப்புக்காற்றும் விரல் வியர்வையும் சேர்ந்துதான் தந்தியைத் தின்கின்றன.

வில்லைத் தளர்த்தாமல் வைக்கவே கூடாது. படிக்கும் காலத்தில் ஒரு விடுமுறைக்கு ஊருக்குப் போகும் அவசரத்தில் இறுக்கிய வில்லை அப்படியே பெட்டியில் வைத்துவிட்டுப் போனேன். மூன்று கிழமை கழித்துத் திறந்தபோது அதன் வளைவு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அப்பா சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கித் தந்த வில் அது. பிறகு அது நேராகவே இல்லை. இன்று என் வகுப்பில் வில்லைத் தளர்த்திக் காட்டாமல் ஒரு பிள்ளையும் வீட்டுக்குப் போகாது.

தொடர்மாடியில் இருக்கிறோம். அயலவருக்குத் தொல்லையாக இருக்குமே?

குதிரையில் பொருத்தும் ரப்பர் மியூட் வாங்குங்கள், ஒலி நன்றாக அடங்கும். ஆனால் முழுச் சாதகத்தையும் மியூட்டோடு செய்ய வேண்டாம். வில்லின் ஒலி எப்படி இருக்கிறது என்பதை அது மறைத்துவிடும். இரவு எட்டுக்குப் பிறகு வாசிப்பதை மட்டும் மியூட்டோடு வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் நீங்களே போய், எந்த நேரம் வாசிப்போம் என்று சொல்லிவிடுங்கள். எங்கள் மாடியில் கீழ்வீட்டு அம்மா முதலில் முகம் சுளித்தவர். இப்போது நீண்ட வில் கேட்காத நாளில் பிள்ளைக்குச் சுகமில்லையா என்று கேட்டு அனுப்புகிறார்.

கரையோர ரயில் போகும்போது வாசிப்பை நிறுத்த வேண்டாம். அந்த இரைச்சலுக்குள் தம்புரா கேட்காது, உங்கள் ஷட்ஜத்தை மனதிலேயே பிடித்து வைத்திருங்கள். ரயில் கடந்ததும் சுருதியில்தான் நிற்கிறீர்களா என்று பாருங்கள்.